கட்டில் கதை, என் கணவர் சொன்னபடி

எங்கள் மருமகன் தமிழ்நாட்டுக்காரர். ஒஸ்லோவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. அவரும் மகளும் ஹவுகெட்டோவில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலும் மெட்ரோவும் மாறி, ஸ்டோவ்னரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள். அவர் என்னை ‘அத்தை’ என்று கூப்பிடுவார். எங்கள் ஆட்கள் மாமி என்பார்கள். கலியாணம் முடிந்த புதிதில் அவர் ‘அத்தை’ என்றால், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். இப்போது பழகிவிட்டது.

பழைய ஆங்கில நாவல்கள் என்றால் அவருக்கு உயிர். வாசித்த கதையைச் சாப்பாட்டு மேசையில் சொல்லாவிட்டால் அவருக்குச் செமிக்காது. இந்த மாரியில் ஒரு ஞாயிறு, இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிக்கொண்டே தொடங்கினார்.

“செம காமெடி அத்தை. ஒரு சின்ன ஊரு மியூசியம். அங்க, ராஜா படுத்த கட்டில்னு ஒரு கட்டில வெச்சிருக்காங்க. மொத்த ஊரும் அத வெச்சுத்தான் பிழைக்குது. ஆனா அது டூப்ளிகேட். உள்ளூர் ஆசாரி செஞ்சது. அதக் கிண்டல் பண்ணி எழுதியிருக்கான் பாருங்க, சிரிச்சு முடியல. அந்தக் காலத்துல டிவி சீரியலாக்கூட வந்துச்சாம்.”

கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். கழுத்தில் பூச்சி போலக் கட்டிய டையுடன் ஒல்லியான, உயரமான ஒரு மனிதர், பூவேலை செய்த கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் பெரிய தொப்பி வைத்த ஒரு பெண், கையில் அளவு நாடாவுடன்.

எனக்குப் பார்த்ததும் நெஞ்சு பொங்கிவிட்டது.

“ஐயோ, இது எங்கட சீதனக் கட்டில் நாடகம் எல்லோ! பாட்ஸ்பியோர்டிலை இருக்கேக்கை பாத்தது. இஞ்சருங்கோ, இதை ஒருக்காப் பாருங்கோவன்!”

என் கணவர் படத்தைப் பார்த்தார். பார்த்த உடனே அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனவர், கனநேரம் திரும்பி வரவில்லை.

“சீதனம்னா வரதட்சணைதானே? அதுல ஏது வரதட்சணை?” என்றார் மருமகன்.

“நீங்கள் வாசிச்சது வேறை கதையாயிருக்கும் தம்பி. இது சரியான சோகக் கதை” என்றேன். அதன்பிறகு எனக்கு நடந்ததையெல்லாம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாட்ஸ்பியோர்ட் நோர்வேயின் வடக்கு முனையில், கடலை ஒட்டிய சின்ன ஊர். எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே அண்ணாவிடம் வந்து சேர்ந்தேன். அண்ணா, அண்ணி, இன்னும் சில பெடியங்கள், எல்லாரும் மீன் தொழிற்சாலையில் வேலை. நானும் வந்த கையோடு ரப்பர் சப்பாத்தும் கையுறையும் போட்டு, கொட் மீனின் முள்ளை எடுக்கும் வரிசையில் போய் நின்றேன். எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். குளிர்காலத்தில் பகலிலும் இருட்டு. காற்று அடித்தால் வெளியில் இறங்க முடியாது. வீட்டில் இருந்த ஒரே பொழுதுபோக்கு, யாரோ விட்டுப்போன ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி.

சனிக்கிழமைகளில் அதில் ஓர் ஆங்கிலத் தொடர் போனது. பேச்சு ஆங்கிலத்தில், கீழே எழுத்து நோர்வேஜிய மொழியில். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒன்றும் விளங்காது. ஆனால் அந்த வீட்டுப் பெடியங்களில் ஒருவர் கொழும்பில் ஆங்கிலம் படித்தவர் என்று பேர். அவர் முன்னால் இருந்து, ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லுவார். நானும் அண்ணியும் சமையலறை வாசலில் நின்று கேட்போம்.

அவர் சொன்ன கதை இதுதான். ஒரு பெரிய வீடு. தாய் தகப்பன் இல்லை. ஒல்லியான மனிதர்தான் மூத்த தமையன். தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுக்க, தாய் படுத்த பழைய கட்டில் ஒன்றை வைத்திருக்கிறார். தொப்பிக்காரி மாப்பிள்ளையின் தாய். அவள் ஒவ்வொரு கிழமையும் வந்து கட்டிலைக் குறை சொல்லுவாள். மீசை வைத்த இன்னொருவன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன தம்பி. யாரும் இல்லாத நேரம் ஒளித்து வந்து, தாயின் கட்டிலில் சுருண்டு படுப்பான்.

அந்தத் தம்பி படுக்கிற இடத்தில் அண்ணி எப்போதும் அழுவாள். கடைசிக் கிழமை, கட்டிலை ஆட்கள் தூக்கிக்கொண்டு போக, தமையன் அதன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். “என்ரை அம்மான்ரை கட்டில், இதை விட்டுட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போங்கோ எண்டு கெஞ்சுறார்” என்று சொல்லும்போது, சொன்னவரின் குரலே உடைந்துபோனது. வீடு முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் தேநீர் குடிக்கும் அறைக்குப் போனால், நோர்வேஜியப் பெண்கள் அதே நாடகத்தைப் பற்றிக் கதைத்துக் கதைத்து மேசையில் அடித்துச் சிரிக்கிறார்கள். ஒருத்தி எழுந்து, தேநீர் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்து அந்த மனிதரைப் போல நடித்தும் காட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த நாலு நோர்வேஜியச் சொல்லை வைத்து, “அது சோகம், மிகவும் சோகம்” என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, முன்னையதை விடப் பலமாகச் சிரித்து, என் தோளில் தட்டினாள். கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டு நான் மீன் முள் எடுக்கப் போனேன்.

கொஞ்ச நாளில் அண்ணா, அந்த ஆங்கிலம் படித்தவரை எனக்கு மாப்பிள்ளையாகப் பேசினார். நான் யோசிக்கவே இல்லை. அண்ணியிடம், “ரீவியிலை ஒரு தங்கச்சிக்காக இப்பிடி அழுற மனுசன், பெண்சாதியை வடிவாப் பாப்பார்” என்றேன். அப்படித்தான் எனக்குக் கலியாணம் நடந்தது.

நான் சொல்லி முடிக்க, மருமகன் சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரு சிரிப்பு வரப்பார்த்து நின்றது.

“அம்மா, அது இப்பவும் பாக்கலாம். நான் தேடி எடுக்கிறன்” என்றாள் மகள்.

என் கணவர் அந்த நேரம் பார்த்து வெளியே வந்தார். “இப்ப என்னத்துக்குப் பழைய நாடகம்? வாங்கோ, காலாற நடந்துபோட்டு வருவம். வாசலிலை பனியும் கொட்டிக் கிடக்கு, வழிக்க வேணும்.”

“அதுக்குக் கட்டிடம் பாக்கிற வாக்த்மெஸ்தர் இருக்கிறார் அப்பா” என்றாள் மகள். “ அந்த மனுசன்ரை வேலையை ஏன் நீங்கள் பறிக்கிறியள்? இருங்கோ.”

அவர் இருந்தார். கதிரையின் விளிம்பில், பல்வைத்தியரிடம் வந்தவரைப் போல.

நாடகம் தொடங்கியது. அதே பெரிய வீடு, அதே கட்டில். ஆனால் நான் இப்போது அந்தப் பழைய ஆள் இல்லை. இத்தனை வருடமாக இந்த ஊரில் சிறுவர் பள்ளியில் வேலை செய்கிறேன். கீழே ஓடும் நோர்வேஜிய எழுத்தைப் பத்திரிகை போல வாசிப்பேன். முதல் காட்சியிலேயே அந்த வீட்டு வாசலில் ஒருவர் நுழைவுச்சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“தமையன்ரை வீட்டுக்குப் போக ஏன் ரிக்கற்?” என்றேன்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தொப்பிக்காரி வந்தாள். அளவு நாடாவை விரித்தாள். தான் அரசாங்கத்திலிருந்து வந்திருப்பதாகவும், அரசர் ஆறடிக்கு மேல் உயரம் என்று புத்தகத்தில் இருக்க, கட்டில் ஏன் இவ்வளவு கட்டை என்றும் கேட்டாள். ஒல்லி மனிதர் கொஞ்சமும் அசையாமல், “அந்தக் காலத்து அரசர்கள் மடங்கித்தான் படுப்பார்கள், அம்மணி” என்றார். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தேன். அவர் கூரையில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ மாப்பிள்ளையின்ரை தாய் எல்லோ?”

“ஓம்… ஒரு விதத்திலை பாத்தால்…”

அடுத்து மீசைக்காரன் வந்தான். அவன் அந்த மியூசியத்தின் காவல்காரன். கதவைச் சாத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்து, அரசரின் கட்டிலில் ஏறிக் குறட்டை விட்டான். அண்ணி எத்தனை கண்ணீரை அவனுக்காகச் செலவழித்தாள்!

“நிப்பாட்டு பிள்ளை” என்றேன். மகள் நிறுத்தினாள். காவல்காரன் வாயைத் திறந்தபடி திரையில் நின்றான்.

“தம்பி எங்கை? சீதனம் எங்கை? தங்கச்சி ஒருத்தியும் இந்த நாடகத்திலை இல்லையே!”

“தங்கச்சி வெளிநாட்டிலை எண்டு நான் அப்பவே சொன்னனான்” என்றார் அவர், மெதுவாக.

அதோடு மருமகனால் முடியவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மகள் நிலத்தில் இருந்துவிட்டாள். அவர்களைப் பார்த்து என் கணவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தானாகவே சொன்னார்.

“நான் என்ன செய்யிறது? இங்கிலீசு தெரியும் எண்டு வந்த அண்டைக்கே சொல்லிப்போட்டன். அவங்கள் எல்லாரும் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள். அந்த மனுசர் கதைக்கிற வேகத்துக்கு எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. கட்டில் எண்ட சொல்லு விளங்கினது. பிறகு அந்தப் பொம்பிளை ரெலிபோனிலை ‘மதர்’ எண்டாள். கட்டிலும் வந்து தாயும் வந்தால், வேறை என்ன கதையாய் இருக்கும்?”

“பின்னாலை ஆக்கள் சிரிக்கிற சத்தம் கேட்டுதே. அதுக்கு என்ன சொன்னீங்கள்?”

“அது மாப்பிள்ளை வீட்டாக்கள் ஏளனமாச் சிரிக்கினம் எண்டு சொன்னனான். நீர் மறந்துபோனீர்.”

எனக்கு நினைவு வந்தது. உண்மைதான். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அண்ணி மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டித் தீர்ப்பாள்.

“அப்ப நீங்கள் அழுதது? குரல் உடைஞ்சுதே! அதுவும் நடிப்போ?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இல்லையப்பா. அது நடிப்பில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அந்தத் தமையனிலை பாவம் வந்திட்டுது. அதோடை நீர் வாசலிலை நிண்டு கண்ணைத் துடைக்கிறதைக் கண்டனான். அதைக் கண்டாப் பிறகு ஆர் நிப்பாட்டுவான்?”

“பொய்யைச் சொல்லி என்னைக் கட்டியிருக்கிறியள்” என்றேன்.

“பொய்யில்லை. மொழிபெயர்ப்பு.”

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது. வயிறு நோக, கண்ணீர் ஓட, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ காலம்.

அன்று இரண்டு பகுதி பார்த்தோம். மிச்சத்தை வந்த ஞாயிறுகளில் பார்த்து முடித்தோம். நல்ல நாடகம்தான். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் அது போலிக் கட்டில் என்று தெரியும், ஆனாலும் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றி அதற்கு மரியாதை செய்வார்கள். அந்தக் கூத்தைப் பாட்ஸ்பியோர்டில் நான் காணவே இல்லை. கடைசிப் பகுதியில், அமைச்சர் அந்தக் கட்டிலை வெளிநாட்டு அரசர் ஒருவருக்குப் பரிசாக அனுப்ப ஆள் விடுகிறார். ஒல்லி மனிதர் ஓடிப்போய்க் கட்டில் காலைக் கட்டிப்பிடிக்கிறார். ஏன் தெரியுமா? அந்த இடத்தில் ஆசாரி தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். அதை மறைக்கத்தான். ஆட்கள் கட்டிலைத் தூக்க, கையை எடுக்க முடியாமல் அவரும் சேர்ந்து காற்றில் போகிறார். தேநீர் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்த அந்தப் பெண் ஏன் அப்படிச் சிரித்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பேர்கனில் இருக்கும் அண்ணிக்குப் பார்த்து முடித்த அன்றே தொலைபேசி எடுத்து, ஒன்றும் விடாமல் சொன்னேன். அண்ணி பொறுமையாகக் கேட்டாள்.

“உன்ரை மருமகன் வேறை ஏதோ நாடகத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார்” என்றாள் கடைசியில்.

“இல்லை அண்ணி, அதே கட்டில், அதே ஆக்கள். இவரும் ஒத்துக்கொண்டிட்டார்.”

“அவருக்கு வயசு போட்டுது, மறந்திருப்பார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தப் பெடியன் தாயின்ரை கட்டிலிலை படுத்து அழுதவன். நான் என்ரை கண்ணாலை பாத்தனான்.”

அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

போன ஞாயிறு மருமகன் இன்னொரு பழைய ஆங்கிலத் தொடரைக் கொண்டுவந்தார். ஒரு சின்ன ரயில் நிலையம், நிறைய ஆட்கள். அதன் நாவலையும் அவர் வாசித்து வைத்திருந்தார். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு நான் இருக்க, அவர் ஒலியை முற்றாகக் குறைத்தார். கீழே ஓடிய எழுத்தையும் அணைத்தார்.

“மாமா, நீங்க சொல்லுங்க” என்றார்.

“எனக்கு இப்ப இங்கிலீசு நல்லா விளங்கும் தம்பி. பிறகேன்?”

“அதனாலதான் மாமா சவுண்ட ஆஃப் பண்ணிட்டேன்.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார். திரையில் ஒரு கிழவர் பச்சைக் கொடியுடன் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தார். எதிரே ஓர் இளம்பெண் பெட்டியுடன் இறங்கினாள்.

“இந்தப் பெட்டை லண்டனிலை படிச்சுப்போட்டு வாறாள். கிழவன்தான் தகப்பன். ஆனால் அவளுக்கு அது தெரியாது…”

“அப்பா, அது அப்பிடி இல்லை. அவள் அங்கை வேலைக்கு வந்தவள்” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு” என்றார் மருமகன், முன்னால் நகர்ந்து இருந்துகொண்டு. “ஏன் மாமா அவளுக்குத் தெரியாது?”