ஓடில் அக்கா நீச்சல் வகுப்பை விட்ட கதை

ஓடில் திபோதோவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அவருடைய நேர்மையைத் திட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பத்தொன்பது வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தவர். உருளைக்கிழங்கு மசியல் அடிப்பிடித்த நாளில், "இன்று தீய்ந்துவிட்டது. என் தப்பு. ஓடில்" என்று அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டவர். கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் பின்னால் நிற்பவர்களுக்குக் கால் வலிக்கும். எங்கள் பாதிரியாரே ஒருமுறை, "போதும் ஓடில், மீதியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்" என்று கெஞ்சியதாகக் கேள்வி.

ஊர்க் காகித ஆலை மூடியபிறகு, அமெரிக்காவின் கோடியில் இருக்கிற எங்கள் வடக்கு மெய்னில் எல்லோரும் எதையாவது படிக்கக் கிளம்பினார்கள். அக்கா தன் நாற்பத்தேழாவது வயதில் எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தார். நான் அந்தக் கல்லூரியில் உதவித்தொகை கவுண்டரில் உட்காருகிறவன். அவர் போட்ட பட்டாணியைத் தின்று வளர்ந்தவன்.

அக்காவின் ஃபீஸைக் கட்டியது ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கான அறக்கட்டளை. பருவத்துக்குப் பன்னிரண்டு கிரெடிட் அளவுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அக்காவிடம் பதினொன்றுதான் இருந்தது. மிச்சம் ஒன்றுக்கு, அவருக்குத் தோதான நேரத்தில் காலியாக இருந்த ஒரே வகுப்பு நீச்சல். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் வருடத்தில் நாலு மாதம் உறைந்து கிடக்கும், அதன்மேல் வண்டி ஓட்டுவோம், ஓட்டை போட்டு மீன் பிடிப்போம். உள்ளே இறங்குவது வேறு விஷயம். அக்கா மூன்று வகுப்புக்குப் போய், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, நான்காவது வாரம் கம்ப்யூட்டரில் வகுப்பை விட்டுவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. பாதியில் விட்டால் அறக்கட்டளை ஒன்றும் சொல்லாது. ஒரு வகுப்பைத் தொடங்கவே இல்லையென்றால்தான் மொத்தப் பணத்தையும் திரும்பக் கேட்கும். வகுப்பை விடுகிற படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பாமலே விடலாம், எல்லோரும் விடுகிறார்கள். அக்கா எழுதியிருந்தார்: "இந்த வகுப்பில் நான் ஒரு நிமிடம்கூட எதுவும் செய்யவில்லை. வேறொருவர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும்."

அறக்கட்டளையிடமிருந்து கடிதம் வந்தது. ஆயிரத்து எண்ணூற்றைம்பது டாலர். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் ஜனவரியில் பெயர் பதிய முடியாது. எக்ஸ்ரே படிப்பில் ஒரு பருவம் தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அக்கா, உங்களை யாரு அதை எழுதச் சொன்னது?" என்று கவுண்டரிலிருந்தே கத்தினேன்.

"கேட்டாங்களேடா ஜீல்."

"கேட்டா சொல்லிடறதா?"

"பின்ன எதுக்குக் கேக்கறாங்க?"

வகுப்புக்கு வந்தார் என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம். அக்காவை இழுத்துக்கொண்டு நீச்சல்குளத்துக்குப் போனேன். கோச் ரோசேர் வெல்லெட் கழுத்தில் விசிலோடு நின்றார். எழுபது வயது, மழித்த தலை.

"அந்தம்மா வரவே இல்ல," என்றார்.

"மூணு நாள் உங்க எதிர்லயே உக்காந்திருந்தாங்களே, கோச்?"

"உக்காந்திருந்தாங்க. நனையலயே. நனையாதவங்க என் வகுப்புக்கு வரல."

"கால் வெரலாவது நனைஞ்சிருக்கும்..."

"பூட்ஸ் போட்டிருந்தேன்டா," என்று அக்காவே குறுக்கே விழுந்தார். எனக்கு அவரை அப்படியே குளத்தில் தள்ளிவிடலாமா என்று வந்தது. ஆனால் இன்று நனைந்தால் செல்லாது, வகுப்பை விட்ட தேதிக்கு முன்னால் நனைந்திருக்க வேண்டும்.

"சரி கோச், வேற ஏதாவது? தண்ணிக்கு வெளிய ஏதாவது செய்யச் சொன்னீங்களா?"

கோச் தலையைச் சொறிந்தார். உள்ளே போய், ஈரத்தில் ஒட்டிக்கொண்ட காகிதக் கட்டோடு வந்தார். "மொத நாள் ஒரு டெஸ்ட் வெச்சேன். பாதுகாப்பு விதி, பத்துக் கேள்வி. இந்தம்மா எழுதினது வெளங்கல, அதான் கணக்குலயே சேக்கல."

வாங்கிப் படித்தேன். ஆழத்தில் காலில் தசை பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? 'ஆழத்துக்குப் போகமாட்டேன்.' மூழ்குகிறவரை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? 'கோச்சைக் கூப்பிடுவேன். சம்பளம் அவருக்குத்தானே.' குளத்தில் இறங்குமுன் என்ன செய்ய வேண்டும்? 'யோசிக்க வேண்டும்.' பத்துக்கும் இதே தினுசு. கீழே சிவப்பு மையில் பெரிய பூஜ்யம். மேலே தேதி, செப்டம்பர் நான்கு.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டெஸ்ட் எழுதியவர் வகுப்பைத் தொடங்கியவர் என்று அறக்கட்டளை விதியிலேயே இருக்கிறது. எத்தனை மார்க் என்று அவர்கள் கேட்பதில்லை.

"கோச், கையெழுத்துப் போடுங்க. இந்தப் பூஜ்யம் ஆயிரத்து எண்ணூற்றைம்பது டாலர்."

கோச் பேனாவை எடுத்தார். "இருங்க," என்றார் அக்கா. முகம் சிவந்திருந்தது. "எதுக்குப் பூஜ்யம்? இதுல எது தப்பு?"

"அக்கா, வாயை மூடுங்க."

"தப்புன்னா ஒத்துக்கறேன்டா. எது தப்புன்னு சொல்லட்டும். ஆழத்துக்குப் போகாதவளுக்கு ஆழத்துல எப்படித் தசை பிடிச்சுக்கும்?"

கோச் காகிதத்தை மறுபடி படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு கேள்வியாக. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காகிதத்தை அவர் கிழித்துப் போட்டால் எல்லாம் போச்சு. கடைசியில் பூஜ்யத்தை அடித்துவிட்டு, ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"யோசிக்கணுங்கறது மட்டும் தப்பு," என்றார். "எறங்கறதுக்கு முன்னாடி ஷவர்ல குளிக்கணும்."

"அது நியாயம்," என்று அக்கா ஒத்துக்கொண்டார். காகிதத்தை என் கையில் திணித்துவிட்டு, மூன்று மணிக்கு எலும்பு வகுப்பு என்று சொல்லி, ஈரத் தரையில் பூட்ஸ் வழுக்க வழுக்க ஓடினார். 'ஓடாதீர்கள்' என்ற பலகையைக் காட்டிக் கோச் விசில் அடித்தார். அக்கா நிற்கவில்லை.