ஒரு கைக்கு மட்டும் கையுறை

போன வாரம் நானும் என் தங்கை மேரியும் அறந்தாங்கி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கேட்டே விட்டார்.

"ஏம்மா, ஒரு கைக்கு மட்டும் ஒறை மாட்டியிருக்க? இன்னொண்ணத் தொலச்சுட்டியா?"

மேரி சிரித்தாள். உறையைக் கழற்றி வலது கையை நீட்டினாள். "இந்தக் கைக்கு மட்டுந்தாங்க வேணும். எண்ணெய் கொட்டிருச்சு. தொட்டுப் பாருங்க... எம்புட்டு மெத்துனு ஆயிருச்சு!"

அந்த அம்மா தயங்கித் தயங்கித் தொட்டார். சில மாதங்களுக்கு முன்னால் இதே மேரி அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அண்ணனான எனக்குக்கூடக் காட்ட மாட்டாள்.

மேரி நர்ஸ். அரிமளம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. 'மேரி சிஸ்டர் ஊசி போட்டா புள்ளைக்குத் தெரியவே தெரியாது' என்று சுற்றுப்பட்டு கிராமங்களில் ஒரு பெயர். தடுப்பூசி நாளில் அவள் லீவு என்றால் கைக்குழந்தையோடு வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போவார்கள். நான் சொன்னால் அண்ணன் பெருமை என்பீர்கள். பார்த்தவன் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவளின் கையில்தான் கிறிஸ்துமஸ் முறுக்கு சுடும்போது எண்ணெய்ச் சட்டி சரிந்தது. வலது கையின் மேல்புறம், நாலு விரல்கள், கட்டைவிரலின் அடிப்பகுதி. ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். காயம் ஆறியது. 'அப்பாடா' என்றோம்.

அங்கேதான் ஏமாந்தோம். ஆறின இடம் தடிக்க ஆரம்பித்தது. சிவந்து, மேடாகி, கயிறு கயிறாக இறுகியது. விரலை மடக்கினால் மேல்தோல் விட்டுக்கொடுக்கவில்லை. சிரிஞ்சைப் பிடித்தாள் — பிடிக்க முடிந்தது. அழுத்தும் தண்டை அமுக்கக் கட்டைவிரல் வரவில்லை.

மறுபடி டியூட்டிக்குப் போனவளை ஓபி சீட்டு எழுத உட்கார வைத்தார்கள். அன்று சாயந்திரம் போன் பண்ணினாள். "அண்ணே, இனிமே நான் கிளார்க்குதாண்ணே." போனை வைத்துவிட்டாள்.

புதுக்கோட்டையில் ஷாலினி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். சின்ன வயசு, நிதானமான பெண். மேரியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தழும்பும் ஒரு மாதிரி ரப்பர்தான் சிஸ்டர். முரட்டுத்தனமா இழுத்தா கிழியும். மெதுவா, விடாம அழுத்திக்கிட்டே இருந்தா வழிக்கு வரும். எக்சர்சைஸ் நான் சொல்லித் தாரேன். கூடவே இறுக்கமான கையுறை ஒண்ணு. குளிக்கிற நேரம் தவிர ராத்திரி பகல் கழட்டக் கூடாது."

கையுறையை வெளியூரிலிருந்து வரவழைத்தோம். ரெடிமேட். மேரியின் கைக்குத் தொளதொள. நாலு தடவை துவைத்ததும் இன்னும் தொளதொள. "அளவெடுத்துத் தைக்கணும். இந்த மாதிரி துணி தைக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் ஷாலினி.

இருந்தார். அறந்தாங்கியில். பிளவுஸ் தைக்கும் கருப்பையா!

சிரிக்காதீர்கள். அறந்தாங்கியில் பாதிப் பேர் வளைகுடா போய் வந்தவர்கள். ஒருவர் கிரேன் ஓட்டியிருப்பார், ஒருவர் ஏசி மாட்டியிருப்பார். கருப்பையா பத்து வருஷம் தைத்தது நீச்சல் உடை! இழுபடும் துணி அவருக்குத் தாய்மொழி மாதிரி. நண்பர் ஒருவர் சொல்லி, மேரியை இழுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க சார், வாங்க சிஸ்டர்... இங்கிட்டு ஒக்காருங்க." கையைப் பார்த்தார். முகத்தில் ஐயோ பாவம் இல்லை. அதுவே மேரிக்குப் பிடித்துவிட்டது. "ஒரு வாரம் டயம் குடுங்க. மொதல்ல துணியப் பாக்கணும்."

துணியை என்ன பார்ப்பது? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரம் போனால், அவர் அலமாரியில் நாலு துணிப்பட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்! பக்கத்தில் சுவரில் சாக்பீஸ் கோடுகள்.

"நேத்துக் கட்டித் தொங்க விட்டேன் சார். இது ரெண்டும் நல்லா நீளுது, பாத்தீங்களா? இப்பக் கழட்டுறேன்... பாருங்க."

பாட்டில்களைக் கழற்றினார். இரண்டு துணிகள் பழைய கோட்டுக்கே சட்டென்று ஏறின. மற்ற இரண்டும் பாதி வழியில் சோர்ந்து நின்றன — அதிகம் நீண்ட துணிகள்தான் நின்றவை!

"நீளுறது பெருசில்லங்க. விட்டா திரும்பி வருதா? அதான் துணி."

எனக்கு உடனே நாலைந்து மனிதர்கள் ஞாபகம் வந்தார்கள். எல்லாருக்கும் வளைந்து கொடுத்துக் கொடுத்து, கடைசியில் தன் பழைய உருவமே மறந்துபோனவர்கள். வளைந்து கொடுப்பவரைப் பாராட்டுகிறோம்... பிறகு அவர் பழையபடி நிமிர்ந்தாரா என்று யார் பார்க்கிறோம்?

சரி, கைக்கு வருவோம்.

முதல் கையுறை தயாரானது. அளவைவிடக் கொஞ்சம் சின்னதாக, எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகத் தைத்திருந்தார். அழகாக இருந்தது. அரை மணி நேரத்தில் மேரியின் விரல் நுனிகள் நீலம் பாய்ந்தன. பிடுங்கி எறிந்தாள். விரல்களில் பள்ளம் விழுந்திருந்தது. ஆனால் தழும்பு மோசமாக இருந்த புறங்கையில்? உறை போட்ட தடயமே இல்லை!

"எனக்கு ஒண்ணும் வேணாம். வாண்ணே, போவோம்." மேரி எழுந்துவிட்டாள். குரல் உடைந்திருந்தது.

கருப்பையா சமாதானம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துண்டுத் துணியை இழுத்துப் பென்சிலில் சுற்றினார். நடுவில் பில் புக் காகிதம் ஒன்றைச் செருகியிருந்தார். உருவிப் பார்த்தார் — கிழிந்தது. அதே துணியை அதே அளவு இழுத்துத் தண்ணீர் பாட்டிலில் சுற்றினார். காகிதம் கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது. அடுத்து, மேஜைமேல் தட்டையாக இழுத்துப் பிடித்தார். தொட்டதுமே காகிதம் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

"சிஸ்டர், ஒரு நிமிசம் ஒக்காருங்க! தப்பு எங்கன்னு தெரிஞ்சிருச்சு."

அவர் கண்டுபிடித்தது இதுதான். துணியின் இழுப்பு ஒன்றேதான். ஆனால் ஒல்லியான பொருளைச் சுற்றினால் அது கடிக்கிறது, பருமனான பொருளைச் சுற்றினால் அணைக்கிறது, தட்டையான இடத்தில் சும்மா மேலே கிடக்கிறது. விரல் ஒல்லி. புறங்கை தட்டை. எல்லா இடத்துக்கும் ஒரே இறுக்கம் என்பதுதான் பிழை!

வீட்டுக்கு வந்து என் மகளிடம் சொன்னேன். இன்ஜினியரிங் படிக்கிறாள். "அப்பா, இதுக்கு எங்க புக்ல ஃபார்முலாவே இருக்கு" என்றாள். அதை அவளுக்கு ஒரு செமஸ்டர் நடத்தினார்களாம். கருப்பையா ஒரு பென்சிலை வைத்து முடித்துவிட்டார்.

விரல்களுக்கு இறுக்கத்தைக் குறைத்தார். தட்டையான புறங்கையை உருண்டையாக்க என்ன செய்வது? கொஞ்சம் யோசித்தார். டிராயரைத் திறந்து எதையோ எடுத்தார். மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளவுஸுக்குள் வைத்துத் தைக்கும் பேட்! அதை வெட்டி, ஓரத்தை இழைத்து, தழும்பின்மேல் வைத்து, அதற்கு மேல் உறையைப் போட்டார். காகிதத்தைச் செருகி உருவினார். லேசாக முரண்டு பிடித்து வந்தது.

ஷாலினியிடம் காட்டினோம். கையைத் தொட்டுப் பார்த்தார், ரத்தம் ஓடுகிறதா என்று நகத்தை அழுத்திப் பார்த்தார், பேடை வெளியே எடுத்துப் பார்த்தார். "இத யாரு தச்சது? அவரோட நம்பர் குடுங்க" என்றார். பேடுக்குப் பதிலாக மெல்லிய சிலிகான் தகடு வைக்கச் சொன்னார். மற்றபடி ஒரு தையலும் மாற்றவில்லை.

அதோடு கருப்பையா விட்டாரா? விரல் முட்டியில் துணி மடிகிறது என்று மூன்றாவது உறை. அப்போது தன் கையையே மடக்கி நீட்டிக் காட்டினார். "இந்த முட்டித் தோலப் பாருங்க சார். மடக்குனா எம்புட்டு நீளுது! ஒரு அளவுக்கு மேல 'போதும்'னு வெறச்சு நிக்குது. நீட்டுனா சுருக்கமாப் போயி ஒக்காந்துக்குது. ஐம்பது வருசமா மடக்குறேன், தொவண்டு போகல. இப்படி ஒரு துணிய எந்த மில்லுலயும் நெய்யலங்க." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... கோயிலில் நிற்பவர் முகம்.

துணியும் களைத்துப் போகுமாம். அதனால் எப்போதும் இரண்டு உறைகள் — ஒன்று கையில், ஒன்று ஓய்வில். இரண்டும் சில மாதங்களில் தளரும். உடனே புதுசு.

மேரி தினமும் பயிற்சி செய்தாள். அழுதுகொண்டே செய்தாள், திட்டிக்கொண்டே செய்தாள். தழும்பு மெல்ல மெல்ல இறங்கியது. விரல்கள் மடங்கின. காலி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போட்டுப் பழகினாள். ஆனாலும் மனிதர்களுக்குப் போட மாட்டேன் என்றாள். கை தயார். ஆள் தயாரில்லை.

ஆடி மாதம் ஒரு நாள், நான் சுகாதார நிலையத்தில் அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். புது உறையோடு கருப்பையா வந்தார். வேலை செய்யும்போது உறை எங்கே மடிகிறது என்று பார்க்கணுமாம். அவருடைய இடது பெருவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. ரத்தம் கசிந்திருந்தது.

"என்னங்க அது?" என்றாள் மேரி.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். காலைல ஒங்க ஒறையத் தைக்கும்போது மிஷின் ஊசி எறங்கிருச்சு. தாரேன்னு சொன்ன நாளு, அதான் அப்படியே பஸ் ஏறிட்டேன்."

மேரி துணியை அவிழ்த்தாள். காயத்தைக் கழுவினாள். டாக்டர் எட்டிப் பார்த்து, "டி.டி. ஊசி போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு நர்ஸ் கிராமத்துக்குப் போயிருந்தார். மேரி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

உறையைக் கழற்றினாள். கை கழுவினாள். மருந்தை ஏற்றினாள். கருப்பையாவின் புஜத்தில் பஞ்சைத் தேய்த்தாள். கட்டைவிரல் மடங்கியது. தண்டு சீராக உள்ளே இறங்கியது.

கருப்பையா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"ம்... போடுங்க சிஸ்டர். நான் பல்லக் கடிச்சுக்கிட்டேன்."

"போட்டாச்சுங்க."

அந்தப் பக்கம் திரும்பி, ஒரே ஒரு பஞ்சை ரொம்ப நேரமாகக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரி... வாழ்க்கை முழுக்க ஊசியோடு பிழைக்கிற மனுஷன், ஊசிக்கு இப்படியா பயப்படுவார்?