மேயருக்குப் பத்திரிகை வைக்கப் போன பயணம்

2008 ஜூனில் நானும் அப்பாவும் கொடைக்கானல் போனது ஏரியைப் பார்க்க இல்லை. அக்காவின் கல்யாணப் பத்திரிகை வைக்க. பத்து வருடம் எங்கள் நகரத்து மேயராக இருந்தவர், பதவி முடிந்தபின் நாயுடுபுரத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். சாமிக்கு அடுத்த பத்திரிகை அவருக்குத்தான் என்று அம்மா பிடிவாதம். எங்கள் தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தவர் அவர். அதற்கு முன்பு லாரித் தண்ணீர் வரும் நாளெல்லாம் அக்கா பள்ளிக்கூடம் போகாமல் குடத்தோடு நிற்பாள். இன்று அவள் டீச்சர்.

அப்பாவுக்கோ அவர் பெயரைச் சொன்னாலே ஆகாது. அதே மேயர் ரோட்டை அகலப்படுத்தியபோது அப்பாவின் சைக்கிள் கடை இடிபட்டது. மாற்று இடம் தருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. அன்றிலிருந்து அப்பா இன்னொருவர் கடையில் வேலை பார்க்கிறார். மேயரைத் திட்டுகிறவர்களும் கும்பிடுகிறவர்களும் ஊரெல்லாம் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் ஒரே சட்டியில் சாப்பிடுகின்றன. அம்மாவுக்கு முட்டிவலி. கல்யாணமாகாத நான் தனியாகப் போய்க் கூப்பிட்டால் மரியாதை இல்லை என்பதால் அப்பா வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பழனியில் முருகன் காலடியில் ஒரு பத்திரிகையை வைத்துவிட்டு, காலை 8.15 பஸ்ஸைப் பிடித்தோம். 64 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், ஆளுக்கு 28 ரூபாய். வளைவுகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்னால் உட்காருங்கள். அப்பா பின்னால் உட்கார்ந்து, கொடைக்கானலை நெருங்கிப் பெருமாள்மலை வரும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். கோபமா, மலை வளைவா என்று நான் கேட்கவில்லை.

கொடைக்கானலில் ஆட்டோ தேடாதீர்கள், டாக்ஸிதான். நாயுடுபுரத்துக்கு 60 ரூபாய்.

"மேயர் வீடா? ஏறுங்க," என்றார் டிரைவர். "வெள்ளனே வாக்கிங் வருவாரு. ரோட்டுல குழி கெடந்தா நின்னு பாத்துட்டுத்தான் போவாரு."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக மேயர் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். வெற்றிலை, பாக்கு, பழத்தோடு பத்திரிகைத் தட்டை நான்தான் நீட்டினேன். அப்பா கதவோரமே நின்றார். மேயர் கண்ணாடி போட்டு வரி வரியாக வாசித்தார். அப்பாவின் பெயருக்குக் கீழே, அச்சகத்தில் சண்டை பிடித்து அப்பாவே போடவைத்த வரி இருந்தது: சைக்கிள் கடை, பெரிய ரோடு.

"பெரிய ரோட்டுல எந்தப் பக்கம்ங்க உங்க கடை?"

"இப்ப இல்லைங்க," என்றார் அப்பா. "நீங்க இடிச்சுட்டீங்க."



"மாத்து எடம் குடுக்கச் சொன்னேனே. குடுத்தாங்களா?"

"இல்லைங்க."

"நான் கேட்டிருக்கணும்," என்றார் மேயர். "ரோடு முடிஞ்சதும் அடுத்த சோலிக்குப் போயிட்டேன்." பத்திரிகையை மூடித் தட்டிலேயே வைத்தார். "உங்களுக்குச் சங்கடம்னா நான் வரலைங்க. பொண்ணு நல்லா இருக்கட்டும்."

பத்திரிகையோடு திரும்பிப் போய் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"தண்ணி விட்டீங்க, எம் பொண்ணு படிச்சா. கடைய இடிச்சீங்க, நான் கூலிக்குப் போனேன். ரெண்டும் நெசம். குடும்பத்தோட வாங்கய்யா. மண்டபம் அந்த ரோட்டுலதான் இருக்கு. கார எதிர்ப்பக்கம் விட்டுட்டு நடந்து வாங்க. கடை இருந்த எடம் இப்ப நடு ரோடு, காட்டுறேன்."

அப்பாவை எனக்கு அன்றைக்குப் பிடித்ததுபோல் என்றைக்கும் பிடித்ததில்லை.

போகிறவர்களுக்கு: ஜூனில் சாரல் உண்டு, குடை எடுத்துக்கொள்ளுங்கள். பழனிக்குத் திரும்பும் பஸ்ஸை இறங்கியதுமே விசாரித்துவிடுங்கள், எங்களுக்கு 4.30க்குக் கிடைத்தது. மனக்கசப்பு உள்ள வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனால், கசப்பு உள்ளவரையே கூட்டிப் போங்கள்.

கல்யாணத்தன்று மேயர் வந்தார். சொன்னபடி எதிர்ப்பக்கம் இறங்கி, ரோட்டோரம் நின்றுகொண்டே இருந்தார். பஸ்ஸும் லாரியுமாக வந்துகொண்டிருந்தன. அவ்வளவு அகல ரோட்டைத் தனியாகக் கடக்க அவருக்குப் பயம். அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.