எந்தக் கம்பம்?

என் தங்கை தன் புருஷனைத் தேடிப் புறப்பட்டபோது அவளிடம் முகவரி இல்லை. அவன் படமும் ஒரு சிலையின் படமும் மட்டும் போனில் இருந்தன. அந்தச் சிலையும் அவன் செய்ததுதான்.

மலேசியாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கோபுரம் கட்ட இந்தியாவிலிருந்து வந்த ஆட்களில் அவன் ஒருவன். ரிங்லெட்டைத் தாண்டி மேலே ஏறி, தேயிலைக்குள் மண்ரோட்டில் போனால் எங்கள் லைன் வீடுகள் வரும். இப்போது பாதி வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள். மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடி, லைனை விட்டுப் போவதற்குள் கோபுரத்தையாவது எழுப்பிவிடுவோம் என்று முடிவு செய்தன. ஓர் ஏஜெண்டு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். கேமரன் மலையில் மழை பெய்யாத நாள் குறைவு. சிலைக்கான சுதைச் சாந்து காய மறுத்தது. சில மாதங்களில் முடிய வேண்டிய வேலை வருஷத்தைத் தாண்டி இழுத்தது. அந்த இழுவையில்தான் என் தங்கைக்கும் அவனுக்கும் பழக்கம் உண்டானது.

நான் அப்போது லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றினால் சிங்கப்பூர் வரை போவேன். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கியா பார்மில் கடை வைத்தேன், மீன் படகில் போனேன், எதிலும் நிலைக்கவில்லை. எப்போதாவது வீட்டுக்கு வந்தால் அவன் எங்கள் வாசலில் அப்பாவோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் அப்பா கேட்டார், "தம்பிக்கு எந்த ஊரு?"

"கம்பம்ங்க."

லைனே சிரித்தது. மலாய்க்காரர்கள் கிராமத்தைக் கம்போங் என்பார்கள். எங்கள் வாயில் அது கம்பம். கம்பத்து வீடு, கம்பத்துக் கோழி என்றுதான் பேசுவோம்.

"எல்லாருக்கும் கம்பந்தான்டா. எந்தக் கம்பம்லா?"

"கம்பந்தாங்க" என்றான் அவன், ஏன் சிரிக்கிறோம் என்று புரியாமல்.

"பாரு, வந்த ஆறு மாசத்துல நம்ம பேச்சப் புடிச்சிட்டான்" என்று அப்பா மெச்சினார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கோபுரத்தின் கீழ்த்தட்டில், கேட்டுக்கு எதிர்ப்பக்கம், அவன் ஒரு பெண்ணைச் செய்தான். தூணில் சாய்ந்து, ஒரு காலை மடக்கித் தூக்கி, குனிந்து கணுக்காலில் எதையோ பிடுங்குகிறாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அட்டை. முகம் என் தங்கையின் முகம். கோயில் கமிட்டியில் கொஞ்சம் சலசலப்பு. அவன் சொன்னான், இது புதுசு இல்லை, எங்கள் பக்கத்துக் கோயிலில் ஒரு தூணில் ஒருத்தி இப்படியே நின்று முள் எடுக்கிறாள், அவளைப் பார்த்துத்தான் வேலையே கற்றேன், இந்த ஊரில் முள்ளைவிட அட்டை அதிகம், அதனால் மாற்றினேன் என்று. கமிட்டி சிரித்துவிட்டது. தேயிலை வெட்டும் பெண்களுக்கு அந்தச் சிலை ரொம்பப் பிடித்துப்போனது.

கும்பாபிஷேகம் முடிந்த கையோடு அம்மன் முன்னால் தாலி கட்டினான். பெர்மிட்டில் வந்தவன் இங்கே கல்யாணத்தைப் பதிய முடியாது. கடுதாசி எதுவும் இல்லாத கல்யாணம். பிறகு பெர்மிட் முடிந்தது. ஊருக்குப் போய்ப் புதுசு போட்டுக்கொண்டு தைப்பூசத்துக்குள் வருவதாகச் சொல்லிப் போனான். ஏர்போர்ட்டிலிருந்து ஒரு படம் அனுப்பினான், பையை மடியில் வைத்துக்கொண்டு. அதோடு போன் அணைந்தது. ஏஜெண்டு, "அவன் என் கணக்கில் இப்போது இல்லை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தைப்பூசம் வந்தது, போனது. அவள் வயிற்றில் ஐந்து மாதம்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. லைனில் மற்றவர்கள் திறந்தார்கள். ஒருநாள் அவள் என் லோரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"செத்துட்டாரா, உட்டுட்டாரா, ஏதாச்சும் ஒண்ணு எனக்குத் தெரியணும்ணே. செத்திருந்தா கழட்டிடுறேன். உட்டுட்டாருன்னா அவரு மூஞ்சியிலயே எறிஞ்சிட்டு வந்துடுறேன். ரெண்டுந் தெரியாம இத கழுத்துல போட்டுக்கிட்டு நான் எப்படிண்ணே நடமாடுறது?"

வீட்டில் பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அவளுக்கு ஒன்று எடுத்தோம். திருச்சியில் போய் இறங்கினோம்.

அவன் கும்பகோணம், தஞ்சாவூர் என்று வேலை பார்த்த இடங்களைப் பற்றிப் பேசுவான். முள் எடுக்கும் பெண் அங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும், அவள் இருக்கும் ஊர்தான் அவன் ஊர் என்று என் தங்கை கணக்குப் போட்டாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு வாடகைக் காரும் டிரைவரும் பிடித்தோம்.

முதல் நாளே எங்கள் பேச்சு அங்கே செல்லுபடியாகவில்லை. "அடுத்த கோயிலுக்கு எத்தனை கட்டை?" என்று கேட்டேன். நாங்கள் மைலைக் கட்டை என்போம். டிரைவர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "கட்டையா? அடுப்புக்கா?" என்றார். காருக்குள் ஒரே சிரிப்பு. அவள் என் காதருகில் வந்து, "நம்ம பேச்சு இங்க யாருக்கும் வெளங்காதுண்ணே. கம்பம்னு எல்லாம் சொல்லிடாத. ஊருன்னு சொல்லு" என்றாள். அப்படியே சொன்னோம். என் மச்சான் ஊருக்குத் திரும்பி வந்தவர், ஊர் பேர் தெரியாது, இந்தச் சிலை இருக்கிற கோயில்தான் ஊர்.

டிரைவர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஊர் பேர் தெரியாம ஒரு கல்யாணமா? நல்லா பண்ணுனீங்க போங்க."

தாராசுரத்தில் சக்கரம் வைத்த கல் மண்டபத்தைப் பார்த்தோம். குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது மாதிரி கல்லில். ஒரு தூணில் உள்ளங்கை அளவுக் கட்டங்கள், கட்டத்துக்குள் ஆடுகிறவள், மத்தளம் அடிக்கிறவன், குஸ்தி போடுகிறவர்கள். வந்தவர்கள் படம் எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். நாங்கள் ஒவ்வொரு தூணாகச் சுற்றினோம், அவள் வடக்கிலிருந்து, நான் தெற்கிலிருந்து. அங்கே முள் எடுப்பவள் கிடைக்கவில்லை. தஞ்சாவூர் பெரிய கோயிலில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. அங்கும் எங்கள் கண்ணில் படவில்லை. வெயிலில் கல் தரை கால் வைக்க விடவில்லை. மலைக்குளிரில் பிறந்தவள் என் தங்கை. பிராகாரத்து ஓரத்தில் நின்று வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போவாள். சன்னதிக்குள் போய் ஒரு கும்பிடு போடச் சொன்னால், "அவர மொதல்ல கண்டுபுடிச்சுக் குடுக்கட்டும்" என்பாள்.

பிறகு பெரிய ரோட்டை விட்டு உள்ளே உள்ளே போனோம். வௌவால் நாற்றமடிக்கும் கோயில்கள். பூட்டிக் கிடந்த கோயில்களுக்குச் சாவி வைத்திருப்பவரைத் தேடிப் போய்க் கூட்டிவந்தோம். மூக்கு உடைந்த சாமிகள், எண்ணெய் ஏறிக் கறுத்த யாளிகள், யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை. இதையெல்லாம் உளியால் செய்தவன் எத்தனை நாள் சோறு தின்னாமல் உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தோன்றும். நின்று பார்க்க அவள் விடமாட்டாள்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயிலில், முன்மண்டபத்து இரண்டாவது தூணில், முள் எடுப்பவள் கிடைத்தாள். மடக்கிய கால், சாய்ந்த இடுப்பு, பாதத்தில் இரண்டு விரல். அச்சாக எங்கள் கோபுரத்துப் பெண்.

"கெடச்சிட்டாண்ணே!" என்று என் தங்கை கத்தியதில் புறாக்கள் எழும்பின. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வாட்ச்மேனிடம் ஓடி, அவன் படத்தைக் காட்டி, இந்த ஊர்ச் சிற்பி வீடு எங்கே என்று கேட்டேன்.

அவர் படத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார். "தம்பி, இந்தப் பொண்ணு இங்க மட்டுமா இருக்கா? பத்து கோயில் சுத்துனா நாலுல நிப்பா. சிற்பம் படிக்கிறவன் மொதல்ல இவள மாதிரிதான் செஞ்சு பழகுவான்."

அவர் சொன்னது சரி. அடுத்த நாள் இன்னொருத்தி கிடைத்தாள். மதுரைக்குப் போகிற வழியில் மூன்றாமவள், மூக்கில்லாமல். அந்த ஊர்களிலும் அவன் படத்தை யாருக்கும் தெரியவில்லை. மூன்றாமவளின் காலடியில் என் தங்கை உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

"ஆயிரம் வருஷமா ஒரு முள்ள எடுக்கத் தெரியாம நிக்கிறாளுங்க, போக்கத்தவளுங்க" என்றாள். திரும்பிப் போகும் விமானத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

மதுரைக்குள் நுழைந்தபோது வண்டிகள் நகரவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ். படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கத்தினார்.

"தேனி, சின்னமனூர், கம்பம்! கம்பம், கம்பம், கம்பம்!"

நான் சிரித்துவிட்டேன். "பாத்தியா, இந்த ஊர்ல கம்பத்துக்குக்கூட பஸ் போகுது."

அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றது. என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"அண்ணே, கம்பம்னா என்னான்னு அவரக் கேளு."

டிரைவர் அண்ணன் ஹாரனை அடித்துக்கொண்டே சொன்னார், "கம்பம் ஒரு ஊரும்மா. மலை அடிவாரம். திராட்சைத் தோட்டம் நெறைய இருக்கும். ஏன்?"

நாங்கள் சொன்னதும் அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அடித்தார். "இத மொத நாளே சொல்லிருக்கக் கூடாதா? கும்பகோணமெல்லாம் சுத்த வெச்சீங்களே!"

"ஊருன்னு சொன்னோமே அண்ணே."

"எந்த ஊருன்னு சொல்லணும்யா!"

கம்பம் போய்ச் சேரும்போது மதியம் தாண்டியிருந்தது. பின்னால் சுவர் மாதிரி மலை, அதன் மேல் மேகம். "நம்ம மலை மாரியே இருக்கு" என்று அவள் முணுமுணுத்தாள். முதல் டீக்கடையிலேயே படத்தை அடையாளம் தெரிந்துகொண்டார்கள். அவன் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வழியும் சொன்னார்கள்.

கொடியில் ஒரு பள்ளிக்கூடச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தவளுக்கு என் தங்கையைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவன் பெயரைச் சொல்லி, மலேசியாவிலிருந்து வருகிறோம் என்று நான் சொன்னதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் மறக்க முடியாது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே, வாங்க! அவுக நல்லா இருக்காகளா? மாசக்கணக்கா போனே இல்லண்ணே. சோறு இறங்கல எனக்கு. அங்கிட்டு எந்தக் கோயில்ல வேலை பாக்காக? என்ன சொல்லி விட்டாக?"

அவளைப் பொறுத்தவரை அவன் இன்னும் எங்கள் ஊரில் இருந்தான்.

அவள் பார்வை எனக்குப் பின்னால் போனது. என் தங்கையின் கழுத்து, மஞ்சள் கயிறு, வயிறு. என் கைகளை மெதுவாக விட்டாள்.

"எத்தன மாசம்?" என்றாள்.

"அஞ்சு முடிஞ்சிடுச்சுக்கா."

"கட்டுனது அவுகளா?"

என் தங்கை தலையசைத்தாள். அடி விழும் என்று நினைத்து நான் குறுக்கே நகர்ந்தேன். அவள் அடிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள், அவனை, எங்களை, எங்கள் கோயிலை, அவனை அனுப்பிய ஏஜெண்டை. தெரு கூடிவிட்டது. என் தங்கை நின்ற இடத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டு தீர்ந்ததும் திட்டியவள் நிமிர்ந்தாள்.

"அங்கயிருந்து அவுக எப்பக் கெளம்புனாக?"

"தைப்பூசத்துக்கு முந்தியேக்கா. பிளேன் ஏறப் போறேன்னு போட்டோ அனுப்புனாரு. நாங்க இங்க இருக்காருன்னு நெனச்சோம்."

"இங்க வரலயே" என்றாள் அவள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை அவரவர் மனதில் அவன் ஓர் இடத்தில் இருந்தான். அந்த இரண்டு இடமும் ஒரே நேரத்தில் போய்விட்டது. "அப்ப எங்கிட்டுத்தான் போனாக?" என்று அவள் கேட்டது எங்களைப் பார்த்து இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு மூவரும் போனோம். எழுதிக்கொண்டார்கள். அவன் விமானம் ஏறினானா இல்லையா என்று நாங்கள் எங்கள் பக்கம் போய்க் கேட்பது என்றும், இறங்கினானா என்று அவள் இங்கே கேட்பது என்றும் பேசிக்கொண்டோம். புறப்படும்போது ஒரு பையில் திராட்சையைத் திணித்து என் தங்கை கையில் கொடுத்தாள்.

"உனக்கில்ல, உள்ள இருக்கிறதுக்கு. அந்த ஆளு உங்கிட்ட வந்தா எங்கிட்ட அனுப்பு. செருப்பால நாலு போட்டுட்டு உனக்கே திருப்பி அனுப்புறேன்."

"எங்கிட்ட மொதல்ல நாலு வாங்கிட்டுத்தான்க்கா வருவாரு" என்றாள் என் தங்கை.

திரும்பி வந்து ரிங்லெட்டில் புகார் கொடுத்தோம். கோலாலம்பூருக்கும் நான் அலைந்தேன். ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டியது. யாரும் இன்றுவரை தெளிவாகச் சொல்லவில்லை. குழந்தை பிறந்தது, பெண். என் தங்கை மறுபடியும் தேயிலை வெட்டப் போகிறாள். கயிறு கழுத்தில் இருக்கிறது. கழற்றவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

கம்பத்துக்காரி வாரம் தவறாமல் போன் பண்ணுவாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வார்கள், பிறகு குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா என்று அவள் கேட்பாள். போன வாரம் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத ஓர் உடல் கிடக்கிறது, வந்து பார்க்கச் சொல்லி போலீஸ் கூப்பிட்டார்களாம். அவள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே வாசலிலிருந்தே பேசினாள்.

"ஏத்தா, அவரு இல்ல" என்றாள், எடுத்த எடுப்பிலேயே.

என் தங்கை போனைக் காதில் வைத்தபடியே தரையில் சரிந்தாள். அவள் போட்ட சத்தத்தில் பிள்ளை எழுந்து வீறிட்டது. போனுக்குள் அந்தப் பொம்பளையும் கத்தினாள்.

"அய்யோ, அதச் சொல்லலத்தா! அங்கன கெடந்தது அவரு இல்லங்கிறேன்! வேற யாரோ!"

என் தங்கை எழுந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லதுதானேண்ணே?"