டயர் எரியும் வாடை

கும்மிடிப்பூண்டியில் எங்கள் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. பழைய டயரை எரித்து எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்று தெருக்கோடியில் இருந்தது. துணியில் கரி படிந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்த பிறகு பொறுக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள்.

அந்த டயர்கள் நம்மூர்க் குப்பைகூட இல்லை, கப்பலில் வந்தவை. சண்டைக்குப் போனபோது ஆலை மேனேஜரே சொன்னார்: "அவங்க நாட்ல இத்த எரிக்க வுட மாட்டாங்கமா. அதான் இங்க அனுப்புறாங்க." அடப்பாவிகளா! அங்கே பிள்ளைகளுக்கு இருப்பது நுரையீரல், இங்கே இருப்பது என்ன, ரப்பரா?

தெருவே திரண்டு மறியல் செய்தோம். ஆலையை மூடினார்கள். கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுத்தேன். மகளும் கொஞ்ச நாள் ஓடியாடினாள். பிறகு காற்று திசை மாறி வடக்கிலிருந்து அடித்தது, அதே வாடை. அதே முதலாளி ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஆலை போட்டிருந்தான். புகார் கொடுக்கப் போனால், "அது ஆந்திராமா, எங்க கைல இல்ல" என்றார் அதிகாரி. டயர் மட்டும் எத்தனையோ கடல் தாண்டி வரலாமாம், இவர் பேனா பக்கத்து மாநிலத்துக்குப் போகாதாம்!

என் அண்ணன் பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கிறான். அங்கே யார் எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தகராறு வந்தால் தமிழ்நாடு, ஆந்திரா இரண்டு மாநிலத்து மீனவக் குப்பத்துக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து, கத்தி, திட்டி, கடைசியில் ஒரு முடிவுக்கு வருவார்கள். எல்லாருக்கும் இருப்பது ஒரே ஏரி. காற்றும் ஒன்றுதானே? நாடுகள் மாநாடு போடுகின்றன, கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்கின்றன. அனுப்புகிற நாடும் வாங்குகிற நாடும் சேர்ந்து உட்கார்ந்து, எங்கேயும் எரிக்கக் கூடாது என்று முடிவு செய்ய மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

ஆத்திரம் தாங்காமல் அண்ணனைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி அந்த ஊருக்கே போனேன். உங்கள் ஊரில் எப்படி விட்டீர்கள் என்று நாலு வார்த்தை கேட்காமல் திரும்புவதில்லை என்றிருந்தேன். ஆலையை ஒட்டிய முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். படியில் உட்கார்ந்திருந்த அவள் மகன் கையில், என் மகள் வைத்திருக்கிற அதே நீல நிற இன்ஹேலர்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டான். அவள் முகம் மலர்ந்தது. தெலுங்கு கலந்த தமிழில் ஆசையாகக் கேட்டாள்: "உங்க ஊர்ல இத்த மூடிட்டாங்களாமே, எப்டிக்கா மூட வெச்சீங்க?"

"மூட வெக்கலமா," என்றேன். "உங்க ஊட்டாண்ட தள்ளி வுட்டுட்டோம்."