தரையில் பொறுக்கிய பாறை ஓவியம்

ஆதிமனிதன் ரத்தத்தைத் தொட்டுத்தான் பாறையில் மான் வரைந்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். நேற்று பட்டாபிராமில் மைத்துனன் வீட்டுப் புது கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை என்னை நேராக மண்ணூர்பேட்டைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அங்கே ஒரு பெயின்ட் சோதனைக்கூடத்தில்தான் என் முதல் வேலை, நிரந்தரமாகாத வேலை.

கேட்டுக்கு அடிக்கிற அதே இரும்புச் சிவப்புதான் பாறையிலும் இருக்கும் என்று என் ரத்தக் கதையை உடைத்தவர், பாறை ஓவியங்களை ஆராயும் ஒரு மேடம். ஆயுதபூஜைக்கு மறுநாள் வந்தார். சின்னக் குப்பியில் கடுகளவு சிவப்புத் துணுக்கு. ஓவியத்திலிருந்து தானாக உதிர்ந்ததாம்.

"இது ஒண்ணுதான் தம்பி. இன்னொண்ணு வேணும்னு பாறையைச் சுரண்ட முடியாது" என்றவர், நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு பொருளில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று திரையில் காட்டும் எக்ஸ்ரே கருவியின் தட்டில் குப்பியைத் திறந்து கவிழ்த்தேன். சிவப்பாகத் தெரிந்தது. கருவியை மூடி, சுவிட்சைப் போட்டேன். திரையில் மருந்துக்குக்கூட இரும்பு இல்லை. கால்சியம் மட்டும் கோபுரம் மாதிரி எழும்பி நின்றது. திறந்து பார்த்தால் தட்டில் வெறும் சிவப்புப் பொடி. கதிர் பட்டுத் துணுக்கு நொறுங்கிவிட்டது என்று முடிவுகட்டினேன். வேலை போச்சு. கைவிலங்கு, பேப்பரில் படம், அம்மா மயங்கி விழுவது வரைக்கும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

மிச்சம் மீதி கீழே சிந்தியிருக்குமோ என்று தரையில் தவழ்ந்தேன். முந்தின நாள்தான் வாசலில் குங்குமம் கொட்டிப் பூசணிக்காய் உடைத்திருந்தோம். எல்லார் செருப்போடும் அது உள்ளே வந்திருந்தது. கண்ணில் பட்ட சிவப்பையெல்லாம் ஒரு காகிதத்தில் பொறுக்கினேன்.

மெக்கானிக் ஏகாம்பரம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, தவழ்ந்துகினு கீற?"

"ஆதிமனுஷன தொலைச்சிட்டேண்ணே."

"ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. காணாப்போனப்ப இன்னா டிரஸ் போட்டுகினு இருந்தாருன்னு கேப்பாங்கோ."

அதற்குள் மேடம் வந்துவிட்டார். காகிதத்தை நீட்டி, "உங்க ஓவியம், மேடம்" என்றேன்.

அவர் உற்றுப் பார்த்தார். "தம்பி, இதுல பூசணி விதை இருக்கே?"

அந்தச் சோதனைக்கூடம் இன்று இல்லை. அந்த இடத்தில் பிரியாணிக் கடை. கருவி பழைய இரும்புக்குப் போயிற்று. ஏகாம்பரம் அண்ணனும் போய்விட்டார். நடந்தது இவ்வளவுதான்: துணுக்கு தட்டில் விழவேயில்லை, குப்பி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சோதித்தது, பூஜையன்று கருவியின் நெற்றியில் ஏகாம்பரம் அண்ணன் வைத்த பொட்டிலிருந்து தட்டில் உதிர்ந்த, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த குங்குமம். தட்டைத் துடைத்துத் துணுக்கை வைத்தோம். இரும்பு வந்தது.