சிசி சாரின் பெரிய எஞ்சின்

மண்ணெண்ணெய் ஐம்பத்து மூன்று சிசி. நேற்றும் அதுதான், முந்தாநாளும் அதுதான். ஆனாலும் எங்கள் கீழ்வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசைமேல் எஞ்சினின் தலைப்பகுதியை மல்லாத்தி, அதன் குழிவின்மேல் ஓட்டை போட்ட கண்ணாடித் துண்டை வைத்து, ஊசி போடும் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழி எத்தனை சிசி பிடிக்கும் என்று அளக்கிறாராம். அது நிறைந்ததும் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். "அம்பத்துமூணு! பாத்தீங்களா சார், அசையல!" என்றார். முகத்தைப் பார்த்தால் ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி.

தெருவில் அவருக்குப் பெயர் சிசி சார். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில், வில்லைகளைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவது. டீ வேண்டுமென்றாலும் "நூத்தம்பது சிசி போதும்மா" என்பார். ஆற்றிக் குடிக்க இன்னொரு டம்ளர் கொடுத்தால் வாங்கமாட்டார், ஊதி ஊதியே குடிப்பார். "நம்ம எஞ்சினே காத்துல ஆறுது, டீ ஆறாதா?"

அவருடையது பழைய உருண்டைக் கார். எஞ்சின் பின்பக்கம். தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது, ஒரு விசிறி அடிக்கிற காற்றில்தான் சூடு தணியும். ஆயிரத்தறுநூறு சிசி, சமதரையில் சமர்த்தாக ஓடும். ஊருக்கு மேலே போகும் மலைச்சாலையில் நாலு பேரை ஏற்றினால்தான் வம்பு. ஒருமுறை பாதி மேட்டில் நானும் என் மனைவியும் இறங்கி நடந்தோம். நாங்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிய பிறகு கார் வந்தது!

அன்றைக்கே எஞ்சினைப் பெரிதாக்கத் திட்டம் போட ஆரம்பித்தார். "வேகத்துக்கு இல்ல சார், இழுவைக்கு." மூன்று வருஷம், ஐந்து நோட்டு. முதல் நோட்டில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் சிசி, மூன்றாவதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஐந்தாவதில் இரண்டாயிரத்து இருநூற்று எழுபத்தாறு! பெரிதாக்கினால் சூடு ஏறும். சூடு ஏறினால் காற்று பத்தாது. காற்றுக்கு வழி பண்ணினால் வேறு எதுவோ இடிக்கும். உடனே அடுத்த பக்கம். "எப்பதான் சார் கட்டப்போறீங்க?" என்று எரிச்சலோடு கேட்டேவிட்டேன். "திட்டம் முடியட்டுமே சார்" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

போன மாதம் அவர் மனைவிக்கு மாற்றல் வந்தது. அந்த அம்மா நர்ஸ். புது ஆஸ்பத்திரி மலைமேல், காலை ஆறு மணி டூட்டி, அந்நேரத்துக்குப் பஸ் இல்லை. கூட வேலை செய்கிற இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். உத்தரவைக் கொண்டுவந்து நோட்டின்மேல் வைத்தார். "ஏங்க, ஒண்ணாந்தேதி நான் அங்க நிக்கணும். கார் ஏறலன்னா மேலேயே ரூம் எடுத்துத் தங்கிடுவேன். வாரத்துக்கு ஒருநாள் வந்து பாத்துட்டுப் போறேன். நீங்க உங்க நோட்டோட குடித்தனம் பண்ணுங்க."

சார் ஆடிப்போய்விட்டார். மறுநாளே எஞ்சினைக் கழற்றினார். பெரிய சிலிண்டர் உட்காரவேண்டுமானால் எஞ்சின் கூட்டின் வாயை லேத்தில் வெட்டி அகலப்படுத்த வேண்டும். வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்டமுடியாது. மூன்று தடவை லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், மூன்று தடவையும் "இன்னொருக்கா அளந்துட்டு வரேன்" என்று திரும்பிவிட்டார். பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நாலாம் தடவை அந்த அம்மாவும் கூடப் போனார். ஸ்டூலைப் போட்டு லேத் பக்கத்திலேயே உட்கார்ந்து, "நீங்க வெட்டுங்கண்ணா" என்றார். சார், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரர் மாதிரி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாராம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசிப் பரீட்சை. ஒண்ணாந்தேதிக்கு எட்டே நாள். என் மகளுடைய பொம்மைக் களிமண்ணில் பாதியைக் கடன் வாங்கி, பிஸ்டன் தலையில் அப்பி, எஞ்சினை மூடி, கையாலேயே மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றினார். வால்வு கீழே வந்து களிமண்ணில் பதியும். மிச்சமிருக்கும் களிமண்ணின் கனம்தான் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அது ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஓடும்போது இரண்டும் இடித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும், ஒண்ணாந்தேதியை மறந்துவிடலாம். அந்த அம்மா யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போடுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியும் கையுமாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

திறந்தார். பிளேடால் களிமண்ணை வெட்டி அளந்தார். "ரெண்டரை!"

"அப்பாடா!" என்று நான் கத்தியே விட்டேன். அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார்.

சார் மட்டும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மில்லிமீட்டர் சும்மா கிடக்குதேம்மா... வால்வ இன்னும் கொஞ்சம் ஆழமாத் தொறக்க வெச்சா, எஞ்சின் இன்னும் நல்லா மூச்சு விடும். உள்ள இருந்து வால்வத் தள்ளுற கேம் ராடு ஒண்ணத்தான் மாத்தணும்..." ஐயோ, மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பதா! கை தானாகக் காதுக்குப் போய்ப் பென்சிலை எடுத்தது. ஐந்தாவது நோட்டில் ஒரே ஒரு பக்கம் வெள்ளையாக மிச்சம் இருந்தது.

அந்த அம்மா சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் நோட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு, மிச்சமிருந்த சிவப்புக் களிமண் உருண்டையில் பென்சிலை நட்டமாகக் குத்தி நிறுத்திவிட்டு, எஞ்சினை மூட ஸ்பேனரை எடுத்தார்.